நச்சு வாயுவை உணரும் நுண்கருவிகள்: சிக்கல் எங்கே இருக்கிறது?

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசியத் தொடங்கியபோது, அதை அங்கிருந்த தொழிலாளர்களுக்கு முதலில் தெரிவித்தது கருவி எதுவும் அல்ல, அவர்களுடைய கண்கள்தான். கண் எரிந்து நீர் வடிந்தால் எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொள்வது அந்த ஆலையில் வழக்கமாகவே இருந்தது. மெத்தில் ஐசோசயனேட் இருக்கும் இடத்தில் நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.02 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது 10 லட்சத்தில் ஒரு பங்கு), அதாவது காற்றின் 10 கோடி மூலக்கூறுகளில் 2. மனிதக் கண்ணோ ஏறத்தாழ 2 பிபிஎம் அளவில்தான் எரிச்சலை உணர்கிறது. கண்ணை நம்பியிருந்தவர்கள், பாதுகாப்பு வரம்பைப் போல 100 மடங்கு தாண்டிய பிறகே கசிவை அறிய முடியும் என்ற நிலையில் இருந்தார்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றுக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது மூக்கைத் துளைத்த நெடிதான். அம்மோனியாவுக்கு அந்த நெடியாவது இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசமான வகையைச் சேர்ந்தது. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட அந்த வாயுவை 0.01 பிபிஎம் அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் 100 பிபிஎம்மை எட்டினால் சில நிமிடங்களில் முகரும் நரம்பு செயலிழந்து நாற்றம் மறைந்துவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர், 700 பிபிஎம்மைத் தாண்டிய காற்றில் ஓரிரு மூச்சுகளுக்குள் மயங்கி விழுகிறார். பாதாளச் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் முதலில் இறங்கியவரை மீட்கப் போனவரும் இறந்துபோவது நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அதற்கு ஆக்சிஜன் குறைவோடு இந்த வாயுவின் இயல்பும் காரணம். பாழுங்கிணற்றில் எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும்; ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, மீத்தேன் தேங்கியிருந்தாலோ அந்த விளக்கே வெடிப்புக்கு வழிவகுக்கும்.

எனவே மூக்குக்கும் கண்ணுக்கும் பதிலாக நிற்கக்கூடிய, சட்டைப் பையில் அடங்கும், விலை குறைந்த, மிகச் சிறிய அளவையும் கண்டறியும் உணரிகளைச் செய்ய வேண்டும் என்ற நோக்கம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களை இயக்கி வருகிறது. இந்தத் துறையைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கூர்மையைப் பற்றியவை: இத்தனை கோடியில் ஒன்றைக் கண்டறிந்தது, தனி ஒரு மூலக்கூறையே கண்டறிந்தது என்று. அவை பொய்யல்ல. ஆனால் ஆய்வகத்தில் வியப்பூட்டிய உணரிகளில் பெரும்பாலானவை ஆலைக்கும் தெருவுக்கும் வந்து சேராததற்குக் காரணம் கூர்மைக் குறைவு அல்ல. வேறு இரண்டு குறைகள் அதற்குக் காரணம்: தேடும் வாயுவைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய இயலாமை, நாள்பட நிலைத்து நில்லாமை. அவை எழுவது அந்தக் கூர்மையைத் தரும் அதே இயற்பியலிலிருந்து என்பதே இங்கே விளக்க வேண்டியது.

இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் மலிவான வாயு உணரியின் தொடக்கம் ஜப்பானில் இருக்கிறது. 1962இல் சேயாமாவும் அவருடைய குழுவினரும், சூடாக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடு படலத்தின் மின்தடை வாயுக்களால் மாறுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி என்பவர் இதே அடிப்படையிலான உணரி ஒன்றுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சமையல் எரிவாயு வீடுகளுக்குள் பரவி, கசிவும் வெடிப்பும் கவலையாக மாறியிருந்த காலம் அது. 1960களின் இறுதியில் டின் ஆக்சைடால் ஆன அவருடைய உணரி சந்தைக்கு வந்தது. இன்று மின்னணுப் பொருட்கள் விற்கும் கடைகளில் மாணவர்கள் செயல்திட்டத்துக்காக வாங்கும் சிறிய வலைமூடி போட்ட உருளை உணரிகள் அதன் வழித்தோன்றல்களே.

அது வேலை செய்யும் முறை எளிமையானது. டின் ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன் துகள்களை ஏறத்தாழ 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டி, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டிய எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் சிறைப்பட்டுவிடுவதால் மின்தடை உயர்கிறது. எரியக்கூடிய ஒரு வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதை அகற்றும்போது எலக்ட்ரான்கள் விடுவிக்கப்பட்டு மின்தடை இறங்குகிறது. இறங்கும் அளவை வைத்து வாயுவின் செறிவைக் கணக்கிடலாம்.

ஆக்சிஜனின் இந்தப் பிடி ஒரு துகளுக்குள் ஏறத்தாழ 3 நானோமீட்டர் ஆழம் வரைதான் எட்டுகிறது. பெரிய துகளில் அது மேல்தோலோடு நின்றுவிட, உட்புறம் எதையும் உணராமல் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். துகளின் விட்டம் 6 நானோமீட்டருக்கு அருகே குறைந்துவிட்டால், இரு பக்கமிருந்தும் வரும் தாக்கம் நடுவில் சந்தித்து, துகள் முழுவதுமே மேற்பரப்பாகிவிடுகிறது. கியூஷூ பல்கலைக்கழகத்தில் நொபோரு யமசோயேயின் குழு 1991இல் இதைக் காட்டியது: 6 நானோமீட்டர் எல்லையைத் தொட்டதும் உணரியின் கூர்மை திடீரென்று பல மடங்கு ஏறியது. சிறிதாக்கினால் கூர்மை கூடும் என்ற இந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கைக்கு இது உறுதியான சான்று.

அந்த வாதத்தின் கடைசி எல்லை, உட்புறம் என்பதே இல்லாத பொருள்கள். கார்பன் அணுக்களின் ஒற்றைத் தாளைச் சுருட்டியது போன்ற ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாயில் ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜிங் கோங், ஹோங்ஜியே தாய் உள்ளிட்டோர், அத்தகைய ஒரே ஒரு குழாய் நைட்ரஜன் டையாக்சைடையும் அம்மோனியாவையும் அறை வெப்பநிலையிலேயே உணர்வதை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சூடாக்கத் தேவையில்லை என்பது பெரிய முன்னேற்றம், ஏனெனில் பழைய உணரிகள் சூடாக்குவதற்கு மட்டும் சில நூறு மில்லிவாட் மின்சாரத்தை விழுங்கின. 2007இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஓரணுத் தடிமன் கொண்ட கிராஃபீன் என்ற கார்பன் தாளில் தனித்தனி வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டுவதையும் பிரிவதையும் படிப்படியான மின்தடை மாற்றங்களாகப் பதிவு செய்தார்கள். அதற்கு மேல் கூர்மையாவதற்கு இடமே இல்லை.

அப்படியானால் வேலை முடிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஏன் முடியவில்லை என்பது புரியும். அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், 1க்குப் பின்னால் 19 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணைப் போல இரண்டரை மடங்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு நச்சு வாயு அதில் ஒரு பிபிபி, அதாவது 100 கோடியில் ஒரு பங்கு மட்டுமே இருந்தாலும், அந்தச் சிறு கனத்துக்குள் அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 2,500 கோடி இருக்கும். ஒரு மைக்ரான் நீளமும் ஒரு மைக்ரான் அகலமும் உள்ள பரப்பில் அவை விநாடிக்குச் சில பத்து லட்சம் முறை மோதும். தனி மூலக்கூறைக் காணும் திறன் நடைமுறையில் அனேகமாக எங்குமே தேவைப்படுவதில்லை. தேடப்படும் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி, அது அல்லாத 100 கோடி மூலக்கூறுகள் அதே பரப்பில் மோதிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் இடைஞ்சல். திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன பிள்ளையைத் தேடுபவருக்குக் கூர்மையான பார்வை இருப்பதைவிட அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்திருப்பது முக்கியம்.

அந்தக் கூட்டத்தில் மிகவும் தொல்லை தருவது நீராவி. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் நீராவி ஏறத்தாழ 3 விழுக்காடு, அதாவது 30,000 பிபிஎம். ஒரு பிபிபி அளவு நச்சு வாயுவோடு ஒப்பிட்டால் நீர் மூலக்கூறுகள் 3 கோடி மடங்கு. டின் ஆக்சைடின் மேற்பரப்பில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடங்களை நீர் பிடித்துக்கொள்கிறது. நானோகுழாயின் மேலும் கிராஃபீனின் மேலும் படிந்து மின்கடத்தலை மாற்றுகிறது. மழை பெய்து ஓய்ந்த பின் உணரியின் அளவீடு நகர்ந்தால், நகர்த்தியது நச்சு வாயுவா மழையா என்று அந்த ஓர் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த நைட்ரஜனில் சோதித்துப் பார்த்த உணரியின் கூர்மையைத் தலைப்பில் போடும் ஆய்வுக் கட்டுரைகளை நான் ஐயத்தோடு படிப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கூர்மைகூடப் பல நேரங்களில் நேரடியாக அளக்கப்பட்டதல்ல. 10 பிபிஎம்மில் கிடைத்த அளவீடுகளின் சரிவை எடுத்து, மின்னிரைச்சலின், அதாவது வாயு இல்லாதபோதும் அளவீட்டில் இருக்கும் தாறுமாறான ஆட்டத்தின், மூன்று மடங்கோடு ஒப்பிட்டு, இத்தனை பிபிபி வரை கண்டறியலாம் என்று கீழ்நோக்கி நீட்டிக் கணக்கிடப்பட்டது.

சிறிதாக்குவதற்கே ஒரு விலையும் உண்டு. உணரி சிறுக்கச் சிறுக்க அதில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கை குறைகிறது. அதனால் குறைந்த அதிர்வெண்களில் மின்னிரைச்சல் கூடுகிறது. வாயுவால் ஏற்படும் மாற்றம் நிமிடக்கணக்கில் மெதுவாக நிகழ்வதால் சரியாக அந்த அதிர்வெண்களில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது. 6 நானோமீட்டர் துகள்களோ 400 டிகிரி வெப்பத்தில் மாதக்கணக்கில் இருந்தால் ஒன்றோடொன்று இணைந்து வளர்ந்து, தங்களுக்குக் கூர்மையைத் தந்த சிறுமையை இழந்துவிடுகின்றன.

பிரித்தறியும் திறனுக்கு வருவோம். இதற்கான வழிகளில் மிக அழகானது, தேடப்படும் வாயு மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேதிவினையை உணரிக்குள் பதித்துவைப்பது. டின் ஆக்சைடு துகள்களின் மேல் தாமிர ஆக்சைடைத் தூவினால், இருவேறு வகைக் குறைக்கடத்திகள் தொடும் இடங்களிலெல்லாம் மின்சாரத்துக்குத் தடுப்புகள் உருவாகி மின்தடை மிகவும் உயர்ந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு வரும்போது தாமிர ஆக்சைடு தாமிர சல்பைடாக மாறுகிறது. அது உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தும். தடுப்புகள் ஒரேயடியாக இடிந்து, மின்தடை பல ஆயிரம் மடங்குகூட விழலாம். கார்பன் மோனாக்சைடோ ஆல்கஹால் ஆவியோ இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. 1990களின் தொடக்கத்திலேயே இதுவும் யமசோயேயின் குழுவால் விளக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் அது எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. தாமிர சல்பைடு மீண்டும் ஆக்சைடாக மாறினால்தான் உணரி அடுத்த எச்சரிக்கைக்குத் தயாராகும். அந்த மீட்சி மெதுவானது. இது இந்த ஒரு பொருளின் குறை மட்டும் அல்ல. ஒரு மூலக்கூறை இறுகப் பிடிக்கும் பரப்பே அதைக் குறைந்த செறிவிலும் பிறவற்றிலிருந்து பிரித்தும் அடையாளம் காணும். இறுகப் பிடித்ததை அது எளிதில் விடாது. ஸ்டான்ஃபோர்டின் நானோகுழாயும் நைட்ரஜன் டையாக்சைடைச் சில விநாடிகளில் உணர்ந்தாலும், தூய வாயுவில் வைத்தபோது பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. சூடாக்கினால் விரைவாக விடும், ஆனால் சூடாக்கத் தேவையில்லை என்ற ஆதாயம் அங்கே போய்விடுகிறது. இந்த முரண்பாட்டை முழுமையாகத் தாண்டும் வழி எதுவும் இல்லை. ஒவ்வோர் உணரியும் ஏதோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்கிறது. சில மைக்ரான் தடிமனுள்ள தட்டில் நுண்சூடேற்றியைப் பதித்து, தேவையான சில விநாடிகளுக்கு மட்டும் சூடாக்கி அணைக்கும் இன்றைய சிலிக்கான் உணரிகள் அந்தச் சமரசங்களில் நல்ல ஒன்று. அவற்றுக்குச் சில பத்து மில்லிவாட்டோ அதற்கும் குறைவாகவோ போதும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திமோத்தி ஸ்வேகர் வேறொரு பாதையில் போனார். ஒளிரும் பாலிமர் இழையின் மேல் டிஎன்டி வெடிமருந்தின் ஒரு மூலக்கூறு எந்த இடத்தில் ஒட்டினாலும், இழையின் வழியே பயணிக்கும் ஆற்றல் அந்த இடத்தில் சிக்கி நீண்ட பகுதியின் ஒளியே அணைந்துவிடும்படி அவருடைய குழு 1990களில் பாலிமரை வடிவமைத்தது. ஒரு மூலக்கூறின் விளைவு இழையிலேயே பெருக்கப்படுகிறது. இந்த உத்தி ஆய்வகத்தோடு நிற்காமல் வெடிமருந்தை முகரும் கையடக்கக் கருவியாகி, அமெரிக்கப் படையினரால் போர்க்களத்தில் பயன்படுத்தப்பட்டது. கூர்மையோடு பிரித்தறியும் திறனையும் மூலக்கூறின் வடிவத்திலேயே திட்டமிட்டதால் அது வெற்றி பெற்றது என்பது என் கருத்து.

நச்சுப்போர் வாயுக்களுக்கான உணரிகளில் ஒரு சிறு நெருடல் இருக்கிறது. 1995 மார்ச் 20ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயு பரப்பப்பட்ட பின் இந்த ஆய்வுக்குப் பெரும் வேகம் வந்தது. ஆனால் சாரினை வைத்துச் சோதிக்கும் அனுமதி மிகச் சில ஆய்வகங்களுக்கே உண்டு. மற்றவர்கள் அமைப்பில் அதை ஒத்த, நச்சுத்தன்மை மிகக் குறைந்த டைமெத்தில் மெத்தில்பாஸ்பொனேட்டை வைத்துச் சோதிக்கிறார்கள். இது தவிர்க்க முடியாதது. எனினும் சாரினுடைய வேதிச் சுறுசுறுப்புக்குக் காரணமான ஃபுளோரின் பிணைப்பு அந்தப் பதிலியில் இல்லை என்பதை, சாரின் உணரி என்று தலைப்பிட்ட செய்தியைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒற்றை உணரியால் முகத்தை அடையாளம் காண முடியாவிட்டால், பலவற்றைச் சேர்த்து அடையாளம் காணலாம் என்ற எண்ணம் 1982இல் வார்விக் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகியோரிடமிருந்து வந்தது. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் பல மணங்களுக்கு அரைகுறையாக எதிர்வினை தருகிறது, மூளை அவற்றின் மொத்தக் கோலத்தைப் படிக்கிறது. அதைப் போலவே வெவ்வேறு கலவைகளாலான உணரிகளை வரிசையாக வைத்து, அவை தரும் எண்களின் கோலத்தைக் கணினி படிப்பதுதான் மின்னணு மூக்கு. இன்று இயந்திரக் கற்றல் இதில் நன்கு உதவுகிறது. ஆனால் ஒவ்வோர் உணரியும் தன் போக்கில் மூப்படைவதால், ஜனவரியில் கற்றுக்கொண்ட கோலம் ஆகஸ்டில் பொருந்தாமல் போகிறது. உணரியின் நிலையாமையைக் கணினி நிரலால் ஓரளவு ஈடுகட்டலாம், இல்லாமலாக்க முடியாது.

இந்த நிலையாமையே இரண்டாவது குறை. வாயுவோடு வினைபுரிய வேண்டும் என்பதற்காகவே திறந்து வைக்கப்பட்ட பரப்பு, வரக்கூடாதவற்றோடும் வினைபுரியும். கதவு இடுக்குகளை அடைக்கும் பசையிலிருந்தும் தலைமுடிக்கான தெளிப்பானிலிருந்தும் வரும் சிலிக்கோன் ஆவி, எரிவாயுக் கசிவை உணரும் வினையூக்கி மணியின் மேல் கண்ணாடி போன்ற படலமாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். உணரி வெளியே பார்க்க எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கும்.

பாதாளச் சாக்கடைக்கு அருகே இன்று பயன்படும் நால்வாயுக் கருவி, ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கிறது. அதில் நச்சு வாயுக்களை அளப்பது நானோ பொருள் எதுவும் அல்ல, மின்வேதிக் கலம்: அமிலத்தில் அமிழ்ந்த மின்முனையில் ஹைட்ரஜன் சல்பைடு கந்தக அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெளிப்படும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அது அளக்கிறது. பிபிபி அளவுக் கூர்மை அங்கே தேவையில்லை. 1 பிபிஎம்மிலிருந்து சில நூறு பிபிஎம் வரை நம்பத்தக்க எண் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கலத்துக்கும் குழப்பங்கள் உண்டு. நைட்ரஜன் டையாக்சைடு கலந்திருந்தால் ஹைட்ரஜன் சல்பைடின் அளவு குறைத்துக் காட்டப்படலாம். பேட்டரி மின்னேற்றும் அறையில் எழும் ஹைட்ரஜனைக் கார்பன் மோனாக்சைடு என்று எண்ணி அது அலறலாம். காரணமின்றி அடிக்கடி அலறும் கருவியைத் தொழிலாளர் அணைத்துவைத்துவிடுவார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே பொய் எச்சரிக்கையும் உயிரோடு தொடர்புடைய குறையே.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தச் சேற்றிலேயே கரைந்தும் அடைபட்டும் கிடக்கிறது. மூடியைத் திறந்து அளக்கும்போது கருவி ஒன்றுமில்லை என்று காட்டலாம். மண்வெட்டியால் சேற்றைக் கிளறிய கணத்தில் வாயு பொங்கி வரும். உணரி எதிர்வினை காட்ட அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், கீழே நிற்பவருக்கு அந்த அரை நிமிடம் கிடைக்காது. எவ்வளவு நல்ல உணரி வந்தாலும் அதைக் காட்டி மனிதரை உள்ளே இறக்குவதை நியாயப்படுத்தக் கூடாது என்று நான் கருதுவதற்கு அடிப்படை இதுதான். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதர்களைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கேரளத்தில் உருவாக்கப்பட்டு 2018இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமான பாண்டிகூட் என்ற இயந்திரம், மேலே நிற்பவர் இயக்க, கேமராவோடும் வாயு உணரிகளோடும் தானே குழிக்குள் இறங்குகிறது. உணரி இருக்க வேண்டிய இடம் அத்தகைய இயந்திரத்தின் கையிலும், ஆலைகளின் வேலியோரத்திலும், குழாய்கள் கரையேறும் ஊர்களிலும்தான்.

அங்கெல்லாம் ஆட்கள் நாள்தோறும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதால், கருவி எவ்வளவு சிறியது என்பதைவிட அது தன் நலத்தைத் தானே தெரிவிக்குமா என்பது பெரிய கேள்வியாகிறது. வாயு உணரி பெரும்பாலும் ஓசையின்றிச் சாகிறது. மின்பகு கரைசல் வற்றிப்போன கலமும், நச்சேறிய வினையூக்கியும், தூசி அடைத்த வலையும் காட்டும் எண் பூஜ்யம். தூய காற்றிலும் அதே பூஜ்யம்தான். இரண்டையும் வேறுபடுத்த, வேலை தொடங்கும் முன் செறிவு தெரிந்த வாயுவைச் சில விநாடிகள் கருவியின் மேல் செலுத்தி அது அலறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிறு உருளையும் பயிற்சி பெற்ற ஆளும் ஒவ்வொரு நாளும் தேவை. மின்முனைக்குச் சிறு மின்துடிப்பை அனுப்பிக் கலம் உயிரோடு இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை கலம் வற்றியதைக் கண்டுபிடிக்கும். ஆனால் கலத்துக்கு முன்னால் இருக்கும் வலையைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தால் அந்த மின்துடிப்புக்கு அது தெரியாது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்றே கருவி காட்டும்.